கிழியாத பத்து ரூபாய்

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரில் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். யாராவது பத்து ரூபாய் நாணயம் நீட்டினால், "இது செல்லாதுன்னு யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க, நோட்டா குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய என் கணவருக்கோ நாணயம்தான் பிடிக்கும். "அங்க ஒரு டாலரே காசுதான். கிழியாது, கசங்காது" என்பார். நான் கேலி செய்வேன்.

போன ஐப்பசி அடைமழையில், மகளுக்குப் பிரசவ வலி என்று மருமகன் மன்னார்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். ரோட்டைப் பிடிக்க வாய்க்கால் கரையில் ஓடும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். தண்ணீர் இழுத்தது. என் கணவர் குதித்துக் கரையேற்றினார். இடுப்பில் செருகியிருந்த நோட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தது. அழுதுவிட்டேன்.

"எங்கிட்ட காசு இருக்கு, வா" என்று சட்டைப் பையிலிருந்த பத்து ரூபாய் நாணயங்களைக் குலுக்கிக் காட்டினார் அவர்.

ஆட்டோக்காரர் நாணயங்களைப் பார்த்துத் தயங்கினார். "இத யாரும் வாங்க மாட்டாங்களேம்மா."

"பொண்ணு பிரசவத்துக்குப் போறோம் தம்பி. வேற இல்ல" என்றேன்.

"அப்ப ஏன் நிக்கிறீங்க? ஏறுங்க!"

நாங்கள் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பேத்தி பிறந்தாள். ஈரப் புடவையோடு நடுங்கிய எனக்கு, மிச்சக் காசில் அவர் சூடாக டீ வாங்கி வந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

இப்போதெல்லாம் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே நாணயமும் எடுத்துப் போகிறேன். கடையில் யாராவது கூச்சத்தோடு நாணயத்தை நீட்டினால், வாங்கிக்கொண்டு இன்னொரு கரண்டி சட்னியும் ஊற்றுகிறேன்.