அத்தானின் பிழைக்காத விளக்கம்

அக்காவின் கணவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு உளவளத்துணை என்கிற கவுன்சலிங்கில் டிப்ளோமா ஒன்று முடித்தார். அன்றிலிருந்து அச்சுவேலியில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதென்றால் எனக்கு யோசனைதான். மறுபடி சோறு கேட்டால், சின்ன வயதில் கிடைக்காத அன்பைத் தேடுகிறேன் என்பார். போதும் என்றால், அதை மறைக்கிறேன் என்பார்.

அந்த நாட்களில்தான் என் குரல் உடையத் தொடங்கியது. நான் நெல்லியடிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காலையில் வகுப்பில் கணீரென்று பேசுபவன், ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தால் நாலு வசனத்துக்குள் வெறும் காற்றாகிவிடுவேன். கூட்டம் நடத்தும் பாடசாலை அதிபர் இரக்கப்பட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்.

அத்தான் உடனே காரணம் கண்டுவிட்டார். அதிபரின் உருவில் நான் அப்பாவைக் காண்கிறேனாம்.

"அப்பாவுக்கு நான் பயந்ததே இல்லை, அத்தான். அவர்தான் அம்மாவுக்குப் பயந்தவர்."

"பயம் அவ்வளவு ஆழத்திலை கிடக்குது, தம்பி. அதுதான் உங்களுக்குத் தெரியேல்லை."

"பயந்தனான் எண்டு சொன்னால்?"

"அப்ப நீங்களே ஒத்துக்கொள்ளுறியள்."

என்ன நடந்தால் உங்கள் விளக்கம் பிழையாகும் என்று கேட்டேன். அப்படிக் கேட்பதும் நோயின் ஒரு குணம்தான் என்றார். அக்கா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

மனைவியின் தொல்லை தாங்காமல் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போனேன். என்னைவிட இளைய பெண். இங்கேயும் அப்பா வருவார் என்று ஆயத்தமாக இருந்தேன், வரவில்லை. மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தில் குரல் உடைகிறது என்பது அவர் கணிப்பு.

"ஒருத்தரும் இல்லாத இடத்திலை சத்தமாய் வாசிச்சுப் பாருங்கோ, சேர். அங்கையும் உடைஞ்சால் நான் சொன்னது பிழை. பிறகு தொண்டை டொக்டரிட்டைப் போங்கோ."

மனதைப் பற்றிய ஒரு விளக்கம் எனக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது.

அடுத்த நாள் பாடசாலை முடிந்ததும் ஆளில்லாத வல்லை வெளியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒளிமுறிவுப் பாடத்தைக் காற்றுக்குப் படிப்பித்தேன். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை நிமிரவில்லை. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் குரல் போய்விட்டது.

குரல் நாணில் சின்னத் தடிப்பு என்றார் தொண்டை வைத்தியர். நாள் முழுக்கக் கத்திப் படிப்பித்ததன் விளைவு. எங்கள் கூட்டங்களும் எப்போதும் பாடசாலை முடிந்த பிறகுதான். சில வாரம் பேசவே கூடாது என்றார். வீட்டில் இவ்வளவு நிம்மதி இருந்ததே இல்லை என்று மனைவி அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். அத்தானோ, அந்தப் பயம்தான் தடிப்பாகத் திரண்டிருக்கிறது என்றார்.

குரல் திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் சொல்லப் போனேன். காரில் கூட்டிப்போன அத்தானும் உள்ளே வந்து அமர்ந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் தயங்க, அந்தப் பெண்ணே கேட்டார்.

"அப்ப என்ரை கணிப்புப் பிழைச்சுப் போச்சு, என்ன சேர்?"

முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டிருக்க வேண்டும், இனி வருபவர்களிடம் கேட்பேன் என்றார்.

திரும்பும் வழியில் அத்தான் நெல்லியடிச் சந்தியில் காரை ஓரங்கட்டினார்.

"தம்பி, என்ன நடந்தால் நான் சொல்லுறது பிழைச்சுப் போகும்?"

உண்மையாகவே கேட்டார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து இருவரும் யோசித்தோம். இரண்டாவது பிளேன்ரீயும் முடிந்தது, ஒன்றும் அகப்படவில்லை. விடாமல் மூன்றாவதுக்குச் சொன்னவர் அத்தான்தான்.