ஆனைக் காசு

விலை ஏற ஏற விற்க முடியாமல் போன பொருள் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அது அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய காசுகள். விலை குறைவாக இருந்தபோது, இதை விற்று என்ன வரப்போகிறது என்பார். விலை ஏறத் தொடங்கியதும், ஏறுகிற நேரத்தில் எவனாவது விற்பானா என்பார். இரண்டுக்கும் நடுவில் விற்பதற்கு ஏற்ற நாள் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அன்றைக்கு அவர் கந்தோருக்குப் போயிருப்பார்.

திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் அப்பா கிளாக்கர். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், கடலடியில் பழைய இரும்பு தேடிச் சுழியோடுகிறவர்கள், பழைய வீடுகளை இடிக்கிற மேசன்மார் என்று பலரிடமும் வாங்கிச் சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் வெள்ளைத்துணி விரித்து அல்பத்தைத் திறப்பார். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசுகள், ராணியின் தலை போட்ட சதங்கள், நடுவில் ஓட்டை விழுந்த ஏதோ தேசத்துக் காசுகள். நாங்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. விரல் வியர்வை பட்டால் கறுத்துவிடுமாம். எங்களையெல்லாம் அவர் அவ்வளவு பக்குவமாகத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஒரேயொரு காசு மட்டும் அல்பத்தில் இல்லை. அது ஒரு தகர டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. வெள்ளிக்காசு. ஒரு பக்கம் இங்கிலாந்து அரசன், மறுபக்கம் ஒரு யானை. காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று வருடத்தில் ஒரு நாள், சரஸ்வதி பூசையன்று மட்டும், டப்பாவைத் திறந்து காட்டுவார். நாங்கள் அதை ஆனைக் காசு என்போம்.

அந்த நாட்களில் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் சொந்த வள்ளமும் எஞ்சினும் வைத்துத் தொழில் செய்தவர். இரண்டையும் சுனாமி கொண்டுபோன பிறகு மற்றவர்களின் வள்ளங்களில் பங்குக்குப் போய்வந்தார். காலையில் வரும்போது கையில் ஒரு கோர்வை மீன் இருக்கும். அப்பா அந்த மீனைத் தின்றுகொண்டே, சொந்தமாக ஒன்றும் இல்லாத ஆள் என்று அவரைப் பற்றிச் சொல்வார். மாமா அதற்கும் சிரிப்பார். எனக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். பிடித்தும் என்ன பிரயோசனம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு மத்தியானம் தங்கச்சிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அப்பா கந்தோரில், மாமா ஆட்டோ பிடிக்க ஓடியிருந்தார். அம்மா தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு கத்தினார்.

"பிள்ளை, ஓடிப்போய் ஒரு குத்திக் காசு எடுத்துக்கொண்டு வா! கெதியா! வெருகல் முருகனுக்கு முடிஞ்சு வைப்பம்!"

நோய் பிடித்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிக்கு நேர்ந்து வைப்பது எங்கள் வழக்கம். சுகமானதும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிட வேண்டும். அம்மாவின் பேர்ஸில் தாள்கள்தான் இருந்தன. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் குத்திக் காசு இருக்கிற இடம் அலுமாரி. கதிரையைப் போட்டு ஏறினேன். அல்பத்தின் பொலித்தீன் பைகள் இறுக்கமாக இருந்தன, டப்பா லேசாகத் திறந்தது. பெரிய வருத்தத்துக்குப் பெரிய காசுதான் சரி என்று நினைத்தேன். போதாததற்கு அதில் யானை இருந்தது. யானைமுகன் முருகனுக்கு அண்ணன் அல்லவா, முருகன் மறுக்கமாட்டார் என்று தோன்றியது. வெறும் டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அம்மாவின் கண் தங்கச்சியின் முகத்தைவிட்டு விலகவில்லை. என் கையிலிருந்து வாங்கிய காசைப் பாராமலே மஞ்சள் துணியில் முடிந்து சாமித்தட்டில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து தங்கச்சி சுகமாகி வந்தாள். "முடிச்சை இடையில அவிழ்த்துப் போட்டால் வருத்தம் திரும்பி வரும், ஒருதரும் தொடக்கூடாது" என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்தார். நானா தொடுவேன்?

போர் முடிந்து பாதைகள் திறந்த காலம் அது. உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்கள் பழைய காசுகளைத் தேடினார்கள். கொழும்பிலிருந்து ஒரு யாவாரி அப்பாவுக்குப் போன் பண்ணினார். அடுத்த மாதம் இன்னும் கூட்டிக் கேட்டார். அதற்கடுத்த மாதம் அதற்கும் மேலே. அப்பா தரையில் நடக்காத மாதிரி நடந்தார். கந்தோரில் அவருக்குக் கிடைக்காத மரியாதையை அந்தப் போன் கொடுத்தது.

அம்மா மெல்லக் கதையைத் தொடங்கினார். காசுகளை விற்றால் தம்பிக்கு ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கிக் கொடுக்கலாம், அவனும் எத்தனை காலம் மற்றவன் வள்ளத்தில் ஏறுவான் என்றார்.

"பொறும். இன்னும் ஏறும்" என்றார் அப்பா.

"ஏறட்டும், ஏறட்டும். வானத்தில போய் நிண்டாப் பிறகு ஏணி வைச்சு இறக்குங்கோ" என்றார் அம்மா.

மாமா பகிடியாகத்தான் சொன்னார்: "அத்தான், மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆனை ஒண்டே என்ர எஞ்சினை இழுத்துக்கொண்டு வந்திடும்." அப்பா சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கடைசியில் அம்மா, மாமா கொண்டுவரும் மீனை அப்பாவின் சோற்றில் வைப்பதை நிறுத்தினார். எங்களுக்கு மீன்குழம்பு, அப்பாவுக்குப் பருப்பு. நாலாம் நாள் அப்பா இறங்கி வந்தார். யாவாரியை வரச்சொல்லிப் போன் பண்ணினார். மாமா சல்லிக்குப் போய் ஒரு வள்ளத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அதற்கு நீல நிறம் பூசப்போவதாக என்னிடம் சொன்னார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. டப்பா வெறுமையாக இருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை யாவாரி வந்தார். அல்பத்தின் பக்கங்களைக் கடகடவென்று புரட்டினார். "இதுகள் எங்கேயும் கிடைக்கும், ஐயா. ஆனையைக் காட்டுங்கோ" என்றார். அப்பா டப்பாவைத் திறந்தார். பஞ்சு மட்டும் இருந்தது.

யாவாரி தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். ஆனை இல்லாவிட்டால் தனக்கு இங்கே வேலையில்லை என்று நாகரிகமாகத்தான் சொன்னார். அப்பா கதவடியைப் பார்த்தார். அங்கே மாமா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நல்ல காரியத்துக்கு வந்தவர்போல நின்றார்.

"ஆனை எஞ்சினை இழுக்கும் எண்டு சொன்னது ஆர்?"

மாமா முதலில் சிரித்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. "அத்தான், பங்குக்குப் போறவன் நான். ஒரு மீனை மறைச்சால் அடுத்த நாள் வள்ளத்தில ஏற்றமாட்டாங்கள். நான் எடுக்கேல்லை."

அப்பா பின்னறைக்குப் போய் மாமாவின் பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் கவிழ்த்தார். நாலு சட்டை, இரண்டு சாரம், வலை பொத்துகிற ஊசி, அவருடைய அம்மாவின் படம். அவ்வளவுதான் அந்த மனிதரின் சொத்து. எல்லாவற்றையும் விட மோசமானதை அம்மாதான் சொன்னார். அழுதுகொண்டு சொன்னார்.

"எடுத்திருந்தாத் தந்திடு, தம்பி. நான் அத்தானிட்டச் சொல்லிச் சமாளிக்கிறன்."

மாமா குந்தியிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மண் தட்டி மடித்தார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். என்னைக் கடந்து போகும்போது வழக்கம்போல என் தலையில் கை வைத்தார்.

நான் வாய் திறக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தால் தங்கச்சிக்கு மறுபடி வலிப்பு வரும் என்று பயந்தேன். அப்பாவின் அடிக்கும் பயந்தேன். எந்தப் பயம் பெரிது என்று யாராவது கேட்டால், தங்கச்சிக்காகத்தான் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

அப்பா கதையைக் கந்தோரில் சொன்னார். கந்தோரிலிருந்து அது இறங்குதுறைக்குப் போனது. அங்கிருந்து சல்லிக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? அக்காவின் வீட்டிலேயே கை வைத்தவன் என்று மாமாவை ஒரு வள்ளக்காரரும் ஏற்றவில்லை. கட்டாரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அம்மாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

ஆவணியில் வெருகல் கோயில் திருவிழா வந்தது. நேர்த்தியைச் செலுத்த பஸ்ஸில் போனோம். வழமையாகக் கோயில் குளம் என்றால் சாட்டுச் சொல்லுகிற அப்பாவும் அன்று கூட வந்தார். உண்டியலுக்கு முன்னால் அம்மா பேர்ஸிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். இத்தனை நாளும் தொடாதே என்றவர், இப்போது பல்லால் கடித்து அதை அவிழ்க்கிறார். ஆனை வெளியே வரப்போகிறது, அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ரெண்டு ரூபாய்க்கு என்ர பிள்ளையைத் தந்தாய், முருகா" என்று அம்மாவின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அம்மாவின் உள்ளங்கையில் மஞ்சள் அப்பிய ஒரு இரண்டு ரூபாய்க் குத்தி இருந்தது. கடைகளில் மிச்சம் தருகிற அதே இரண்டு ரூபாய். என்னை அடியிலிருந்து காப்பாற்ற முருகன் ஆனையை இரண்டு ரூபாயாக மாற்றிவிட்டார் என்று நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். அங்கேயே மணலில் விழுந்து கும்பிட்டேன். எனக்காக நன்றி சொன்னேன், மாமாவுக்காக ஒன்றும் கேட்கவில்லை.

பதினேழு வயதில், பரீட்சை விண்ணப்பத்துக்கு என் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது அந்த டப்பாவைத் திறந்தேன். ஆனை பஞ்சில் படுத்திருந்தது. முதுகில் கொஞ்சம் மஞ்சள் கறை இருந்தது.

வீட்டில் என்னைத் தவிர அந்த டப்பாவைத் திறக்கிறவர் ஒருவர்தான். அப்பா முடிச்சை எப்போது தடவிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. மாமா போன அடுத்த கிழமையாக இருக்கலாம், கோயிலுக்குப் போவதற்கு முதல்நாளாகவும் இருக்கலாம். அத்தனை காசுகளைத் தடவிய விரல்களுக்குத் துணிக்குள் இருப்பது எது என்று தெரியாமலா போகும்? எடுத்துவிட்டு இரண்டு ரூபாயை வைத்து முடிந்திருக்கிறார். ஆனை கிடைத்துவிட்டது என்று சொன்னால் யாவாரி திரும்பி வருவார், விற்க வேண்டிவரும், மாமாவுக்கு வள்ளம் வாங்கவேண்டிவரும். மாமா கள்ளனாக இருக்கும்வரை ஆனை அப்பாவுடையது. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் நானும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்பது என் சாட்டு. அப்பா பென்ஷன் எடுத்துவிட்டார். காசுகளை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், இன்னும் ஏறும் என்கிறார்.

அன்று கோயிலில் அம்மா காசை உண்டியலில் போட்டுவிட்டு, ஈரமான அந்த மஞ்சள் துணியைக் கையில் விரித்துப் பிடித்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, ஒரு குத்திக் காசு இருந்தாத் தாங்கோ. என்ர தம்பி திரும்பி வரவேணும் எண்டு முடிஞ்சு வைக்கப்போறன். அவன் எடுத்ததை நீங்கள் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டு, ஒரு காசை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். எங்கள் அப்பா எவ்வளவு நல்லவர், மாமாவை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவருடைய மடியில் தலைவைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.