நேசம் ரீச்சரின் குடை விரிந்த படங்கள்

வெள்ளவத்தையில் பேசும் படங்கள் ஓடத் தொடங்கிய காலம். கிறிஸ்தவக் குடும்பங்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல யாராவது ஒருவர் முதலில் பார்த்துவர வேண்டுமென்று போதகர் ஞானமுத்து சபைக் கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நேசம் ரீச்சர் தும்மினார். செயலாளர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

ஓய்வுநாட் பாடசாலையில் பதினெட்டு வருடம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர் ரீச்சர். எடுத்த வேலையை அரைகுறையாக விடமாட்டார். வெள்ளி மாலை தனியே போய்ப் படத்தைப் பார்ப்பார். முழுக்கக் கெட்ட படமென்றால் அதோடு சரி. பாதி நல்ல படமென்றால் குடி, சூது, கட்டிப்பிடிப்பு எங்கெங்கே வருகிறதென்று மனதில் பதித்துக்கொள்வார். சனி பகல் பிள்ளைகளைக் கூட்டிவந்து தனக்குப் பின்வரிசையில் இருத்துவார். ஆகாத கட்டம் நெருங்கியதும் தன் கறுப்புக் குடையைப் படக்கென்று விரிப்பார், முடிந்ததும் மடக்குவார்.

தந்திக் கந்தோரில் வேலை பார்த்த அவருடைய கணவர் அரியரத்தினம் ஒருநாள் கேட்டார்: “இஞ்சேரும், வெளியிலை வெயில் கொளுத்துது. மழை உள்ளுக்கோ பெய்யுது?”

“பாவம் பெய்யுது,” என்றார் ரீச்சர்.

படமாளிகை வாசலிலும் உள்ளேயும் கடலை விற்ற பௌஸி இதைக் கவனித்துவிட்டான். அடுத்த சனிக்கிழமையே அவன் குரல் காலிக்குப் போகும் பெருவீதி வரை கேட்டது: “டீச்சர்ட கொட ஏழு தரம் விரிஞ்ச படம்! ஓடி வாங்க!” சனம் ஓடித்தான் வந்தது. குடை ஒருதரமும் விரியாத படங்களுக்கோ ஈ காக்கைகூட வரவில்லை.

விஷயம் ரீச்சருக்குத் தெரியவந்தது, படமாளிகை முகாமையாளர் கதிர்காமநாதன் ஒரு பெட்டி லவ் கேக்கோடு வீட்டுக்கு வந்தபோதுதான்.

“ரீச்சர், வாற கிழமைப் படத்துக்கு ஒரு நாலு தரம் கூடுதலா விரிச்சியளெண்டால் பெரிய உதவி.”

ரீச்சர் கேக்கையும் அவரையும் ஒன்றாக வெளியே அனுப்பினார். அரியரத்தினம் கேக்குக்காக மட்டும் வருத்தப்பட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ரீச்சர் பார்த்தது ஒரு விதவை ஐந்து அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் கதை. ஒரு கெட்ட சொல் இல்லை. ரீச்சருடைய இரண்டு கைக்குட்டைகளும் நனைந்து, சேலைத் தலைப்பும் நனைந்தது. மண்டபத்தில் அவரைத் தவிர மூன்று பேர். மூவரும் தூக்கம். சனியும் இப்படியே போனால் படத்தை எடுத்துவிடப் போவதாக வாசலில் பேசிக்கொண்டார்கள்.

ரீச்சருக்கு மனது கேட்கவில்லை.

சனி பகல், அந்த விதவை ரொட்டிக்கு மாப் பிசையும் கட்டத்தில் குடை விரிந்தது. பிள்ளைகள் திகைத்தார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது விரிந்தது. ஜெபம் பண்ணும்போதுகூட ஒருதரம் விரிந்தது. மொத்தம் ஒன்பது. வாசலில் கூவிக் கூவிப் பௌஸிக்குத் தொண்டை கட்டிவிட்டது. திங்கள் மாலை இருக்க இடமில்லாமல் சனம் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தது, விம்மி விம்மி அழுதது, வெளியே வந்து, “அந்தக் கட்டம் எங்கை? வெட்டிப்போட்டாங்களோ?” என்று சண்டை பிடித்தது.

வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று ரீச்சர் தன்னைத் தேற்றிப் பார்த்தார். மனச்சாட்சி மசியவில்லை. புதன்கிழமை போதகர் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

“அது கிடக்கட்டும் ரீச்சர்,” என்று போதகர் குரலைத் தாழ்த்தினார். “நான் ரெண்டு தரம் போய்ப் பாத்தனான். கண் இமைக்கேல்லை. அந்த ரொட்டிக் கட்டத்திலை அப்பிடி என்ன கெட்டது?”

“ஒண்டுமில்லை ஐயா. நல்ல படம். சனம் வரட்டும் எண்டு விரிச்சனான்.”

போதகர் மேசையில் கிடந்த தாள்களை மெல்லக் கையால் மூடினார். “ரொட்டி மாவிலை ஒளிஞ்சிருக்கிற சோதனை எண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குப் பதினொரு பக்கம் எழுதிப்போட்டன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது போதகர்தான். சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடி கழன்று தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

பதினொரு பக்கமும் அடுப்புக்குப் போயின. விதவையின் படம் மூன்று கிழமை ஓடியது. அதன்பின் ரீச்சர் குடையை வீட்டில் வைத்துவிட்டு, பெற்றோரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டுதான் படத்துக்குப் போனார். ஆகாத கட்டம் வந்தால் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அவரவர் தகப்பனே பதில் சொல்லவேண்டும் என்பது சட்டம். இரண்டு மாதம் போவதற்குள், நல்ல படமாகத் தெரிந்தெடுங்கோ ரீச்சர் என்று தகப்பன்மாரே அவரிடம் கெஞ்சத் தொடங்கினார்கள்.