ஞாயிற்றுக்கிழமைக்கு வாய்தா

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். சனி, ஞாயிறு ஆண்டவர். மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் நானும் மகளும். இதை நான் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சிரிக்கிறாரே என்று இன்னும் கோபம்தான் வரும்.

கோர்ட்டில் அவர் ஆபீஸ் அசிஸ்டென்ட். வழக்கு எடுக்கும்போது வாசலில் வந்து நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். உட்கார இடம் கிடைத்தால் வேதாகமத்தைத் திறந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பாதி அந்த பஸ்ஸில்தான் தயாராகும். வாய்க்குள்ளேயே பேசிப் பழகுவதைப் பார்த்துவிட்டு ஒரு கண்டக்டர், “சார், யாரோட சண்டை?” என்று கேட்டாராம்.

அந்தப் பிரசங்கம் மம்சாபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு. வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சம்பளம் கிடையாது, முழுநேர ஊழியரும் கிடையாது. இவர்தான் எல்லாம். ஒரு ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து சொல்கிற நேரம், “சாட்சி சொல்ல வாரவங்க யாரு?” என்பதைக் கோர்ட் வாசலில் கூப்பிடுகிற ராகத்திலேயே மூன்று முறை இழுத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நிலத்தகராறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மனுசன் பதறி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “ஆஜர் ஐயா!” என்றிருக்கிறார். சபையே விழுந்து விழுந்து சிரித்ததாம். இதை வீட்டில் வந்து சொன்னபோது மட்டும் நானும் சிரித்தேன்.

நானும் மகளும் ராஜபாளையத்தில் எங்கள் டவுன் சர்ச்சுக்குத்தான் போவோம். மகள் அங்கே பாடகர் குழுவில் இருந்தாள். மம்சாபுரம் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்ட ஊரை நான் எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, அறுந்த இழை எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. நாள் பூராவும் குறை கண்டுபிடிக்கிறவள் வீட்டுக்கு வந்ததும் எப்படி நிறுத்துவாள்? ஆனால் இந்த மனுசனிடம் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டிருக்கிறேன். நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, காய் நறுக்கி, எனக்கு டிபன் பாக்ஸ் வரை கட்டி வைத்துவிடுவார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரெட்டைச் சடை பின்னி அனுப்பியதும் அவர்தான். என் கையில் வகிடு கோணும். அவர் கையில் கோணாது. “ஒங்க அப்பா பின்னுனதா?” என்று டீச்சர் கேட்டார்களாம். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறுதான் தகராறு. பதினொன்றரைக்கு ஆராதனை முடிந்துவிடும். வீடு வந்து சேர நாலு மணி ஆகும். கேட்டால் “வீடு சந்திப்பு” என்பார். யார் வீடு, என்ன சந்திப்பு என்று சொல்ல மாட்டார். நானும் மகளும் கறிக்குழம்பை இரண்டு முறை சூடு பண்ணிவிட்டு நாங்களே சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை புழங்கியது. வாய்தா. கோர்ட்டில் வழக்கைத் தள்ளி வைக்கிறார்களே, அதே வாய்தாதான். பொருட்காட்சிக்குப் போகலாம் என்பார், ஏதாவது ஒரு வீட்டில் துக்கம் வந்துவிடும். “சரிப்பா, அடுத்த வாய்தா எப்ப?” என்று பிள்ளை கேட்கும். முதலில் விளையாட்டாகத்தான் கேட்டாள். பத்தாவது படிக்கும்போது அதே கேள்வியை முகத்தைப் பார்க்காமல் கேட்க ஆரம்பித்தாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டாவது முடித்து மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டல். ஊரை விட்டுக் கிளம்பப் போகிற பிள்ளை, பல வருசத்துக்குப் பிறகு அப்பாவிடம் வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

“ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எனக்குக் குடுங்கப்பா. அய்யனார் அருவிக்குப் போயி குளிச்சிட்டு வருவோம். வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவர் ஒத்துக்கொண்டார். முதல் ஞாயிறு வ. புதுப்பட்டியில் ஒரு துக்க வீட்டில் அடக்க ஆராதனை. இரண்டாவது ஞாயிறு மழையில் அருவிக்கு விடவில்லை. மூன்றாவது ஞாயிறு ஜெபவீட்டில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை மகள் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. நான் கொதித்துப் போயிருந்தேன்.

“இந்தா பாருங்க, இதையும் தள்ளி வச்சீங்கன்னா அந்தப் பிள்ளை இனிமே ஒங்ககிட்ட எதுவுமே கேக்காது. நான் சொல்லிட்டேன்.”

“தெரியும்” என்றார். குரலே எழும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் அந்த ஞாயிறு பிரசங்கத்தை ஒப்படைத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஆறரை மணி. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். மூன்று பேருக்கும் ஆட்டோ சொல்லியிருந்தோம். கோர்ட் ஆள் பைக்கில் ட்ரிபிள்ஸ் போகக் கூடாது என்பது அவர் சட்டம். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தேன்.

“ஐயா இருக்காகளா? மம்சாபுரத்துல இருந்து பேசுதேன். எங்க வீட்டுக்காரர இன்னைக்கு மதுரைக்கு ஆப்ரேசனுக்குக் கொண்டு போறோம். பத்து மணிக்கு வண்டி வருது. ஐயா வந்து ஜெபம் பண்ணாத்தான் வண்டி ஏறுவேன்னு அடம் பிடிக்காரு. செத்த நேரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“அவர் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாய் கூசாமல் சொன்னேன். போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன். சொன்னால் அவர் போவார். போய்விட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்பார், வர மாட்டார். மகள் நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு வாசலில் நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க நான் செய்தது சரி என்றே பட்டது. ஆனால் கண் அரிசி டிரம் பக்கமே போனது. ஆப்ரேசனுக்குப் போகிற மனுசன். அவன் பெண்டாட்டி அந்தப் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளே! அடச்சீ, என்ன பிழைப்பு இது என்று ஆகிவிட்டது.

டிரம்மைத் திறந்து போனை எடுத்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். “ஐயா ஊர்ல இல்ல. ஆனா ஆள் வருது. வண்டிய நிறுத்தி வைங்க” என்றேன். வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டேன். அவர் குளித்துவிட்டு வந்ததும், “எனக்குத் தலை விண்ணு விண்ணுங்குது. ஆட்டோ வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் பைக்ல போயிட்டு வாங்க” என்றேன். அவர் போனைத் தேடினார். “சார்ஜ்ல கெடக்கட்டும். அருவிக்குள்ள எதுக்குப் போனு?” என்று ஒரு அதட்டல் போட்டேன். மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையேம்மா?” என்றாள். “போடி, போயி குளிச்சிட்டு வா” என்று விரட்டிவிட்டேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் வேன் நின்றது. உள்ளே சாமி படங்களுக்கு மாலை போட்டிருந்தது. சபைக்கு வருகிற குடும்பம்கூட இல்லை போல. கட்டிலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். தென்னைமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் குழியாகப் புண். அதற்குத்தான் ஆப்ரேசன். கட்டில் பக்கத்துப் பலகையில் துவைத்து மடித்த பேண்டேஜ் துணி அடுக்கியிருந்தது. எங்கள் கம்பெனித் துணி. நெசவைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? வேலையாட்களுக்கு எடுத்துப் போகக் கொடுக்கும் துண்டுத் துணி அது. என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டு வாங்குவார். வண்டி துடைக்க என்று நினைத்திருந்தேன்.

“இதெல்லாம் ஐயா கொண்டு வந்ததுதான். ஞாயித்துக்கெழம வந்து, புண்ணக் கழுவி, மருந்து வச்சுக் கட்டிட்டுத்தான் போவாரு” என்றாள் அந்த மனுசனின் மனைவி. “எனக்கே சமயத்துல குமட்டும்க்கா. அவரு மூஞ்சியில ஒரு சுளிப்பப் பாக்கணுமே! ம்ஹூம்.”

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அவர் எங்கே இருந்தார் என்பது அந்த நிமிசம்தான் எனக்குத் தெரிந்தது.

ஜெபம் பண்ணச் சொன்னார்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டு ஜெபித்தவளே இல்லை. கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசுவது மாதிரி பேசிவிட்டேன்.

“ஆண்டவரே, இந்த மனுசன் பயப்படுதாரு. பயப்படத்தான செய்வாரு. நீரும் கூட வண்டியில ஏறும். திரும்ப வீட்டுல கொண்டாந்து விடும். அம்புட்டுதான். ஆமென்.”

கண்ணைத் திறந்தால் அவர் சிரித்துக்கொண்டு கிடக்கிறார். “ஐயா அரை மணி நேரம் பண்ணுவாரு. பரவாயில்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “நீங்க ஐயாவுக்கு என்ன வேணும்?” என்றார்.

“வீட்டுக்காரி.”

புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயாவுக்குக் குடும்பம் இருக்கா? இல்லன்னுல்ல நெனச்சிருந்தோம்!” என்றார் அந்த மனுசன்.

“ஏன் அப்படி நெனச்சீங்க?”

“அவிய ஒரு நாளும் மணி பாத்ததில்லையேம்மா. வீட்டுல ஆளு காத்திருக்குன்னா எவனும் செத்த நேரத்துக்கு ஒருக்கா மணி பாப்பான்ல? ரெண்டு வருசமா வாராரு. எங்க கதையத்தான் கேப்பாரு. அவியளப் பத்தி நாங்க கேட்டதே இல்ல.”

நான் அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து நாலு தடவை என் போனில் மணி பார்த்திருந்தேன். கட்டிலில் கிடந்தவரும் அதைக் கவனித்திருப்பார். வேனில் ஏற்றும்போது ஒரு பக்கம் நானும் பிடித்தேன். வேன் போன பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம், அடப்பாவி மனுசா, எங்களை இல்லாத ஆளாக ஆக்கிவிட்டாயே என்று ஆத்திரம். இன்னொரு பக்கம், இப்படி ஓர் ஆளோடு இருபது வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று பெருமை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர்கள் திரும்பி வர ஐந்து மணி ஆகிவிட்டது. மகளுக்குத் தலை இன்னும் ஈரம். வரும்போதே புகார்.

“யம்மா, இனிமே இவரோட அருவிக்குப் போனா என்னன்னு கேளு! சாதத்த பாதி கொரங்கு தின்னுருச்சு. பசிக்குது, போவோம்னு நானும் எத்தன தடவ சொல்ல? தண்ணிக்குள்ளயே நிக்காரு. என் ஸ்கூல் கதையெல்லாம் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து கேக்காரு. மணி என்னப்பான்னா தெரியலங்காரு. வாட்ச அப்பவே கழட்டிப் பையில போட்டுட்டாரு!”

சொல்லும்போதே பிள்ளைக்குச் சிரிப்பு பொங்கியது. துணி மாற்ற உள்ளே ஓடினாள். அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “காலையில மம்சாபுரத்துல இருந்து போன் வந்திருக்கு. நீ பேசியிருக்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், பொய், பஸ், நான் பண்ணிய ஜெபம் வரை. ஏசுவார் என்று நினைத்தேன்.

“வண்டி ஏறிட்டாரா?” என்றார்.

“ஏறிட்டாரு.”

மூச்சு விட்டார். “சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்” என்றார்.

“புண்ணு கட்டுறத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அது அவரு உடம்பும்மா. மானமா வாழ்ந்த ஆளு. நான் எப்படி வெளிய சொல்லுறது?”

பிறகுதான் அந்த மனுசன் கேட்டதைச் சொன்னேன். ஒங்களுக்குக் குடும்பம் இல்லன்னு நெனச்சிருக்காங்க, ஒரு நாளும் மணி பாத்ததில்லையாம் என்றேன். கேட்டுவிட்டு அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறைக்குள் மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சர்ச் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“அதுக்கு நீ என்ன சொன்ன?” என்று கேட்டார்.

வாய்க்கு வந்தபடி கேட்க எத்தனையோ இருந்தது. எல்லாம் நின்றுவிட்டது.

“இருக்கோம்னு சொன்னேன்” என்றேன்.