இரண்டாவது காது

அந்தச் சத்தம் முதலில் கேட்டபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது என்றே நினைத்தேன். மூன்று வாரமாகியும் லாரி கிளம்பவில்லை. பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன்.

சந்தேகத்துக்குரியவை: ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார், பின்வீதி நிட்டிங் யூனிட்டின் கம்ப்ரசர், என் தலை. சோதித்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். தீபாவளி முடிந்து யூனிட்டுகள் பூட்டிக் கிடந்த நான்கு நாளும் வீட்டு மெயினை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். திருப்பூரில் நாய் நடக்கும் ஓசை கேட்டது. லாரியும் நின்றுகொண்டுதான் இருந்தது. நோட்டில் மிச்சமிருந்தது கடைசி வரி மட்டும்: என் தலை.

அப்படி ஒரு சத்தமே இல்லை என்று உறுதியாகச் சொன்னவர் அப்பா. முப்பது வருடம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர்; அழைப்பு மணி அடித்தால் அவர் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். காது டாக்டரோ, என் காது தேவைக்கு மேல் நன்றாக இருப்பதாகவும், கேட்காதவர்களுக்கு மட்டுமே தன்னிடம் வைத்தியம் உண்டு என்றும் சொன்னார்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சாயம் போட்டு வரும் துணியில் நிற வித்தியாசம் இருந்தால் ஷேடு என்போம். அது எல்லாக் கண்ணுக்கும் பிடிபடாது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒருவர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து ஷேடு என்றால் போதாது. இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்து அதையே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் துணி பாஸ். குறை முதல் ஆளின் கண்ணில்.

என் சத்தத்துக்கு இரண்டாவது ஆள் இல்லை. நோட்டை மூடினேன்.

அப்போதுதான் ஊத்துக்குளியிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் போட்டிருந்த ஏழு நிபந்தனைகளில் ஐந்து பொருந்தின. மாப்பிள்ளையோடு போனில் இரண்டு முறை பேசியதில் ஆறாவதும் பொருந்தியது: அவருக்குச் சிரிக்காமல் கேலி பேசத் தெரிந்திருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா என் தலையில் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சத்தத்தப் பத்தி மட்டும் வாயத் தொறந்துபோடாத கண்ணு. காதுல என்னமோ கேக்குற புள்ளைன்னு ஒருக்கா பேராயிருச்சுன்னா அப்பறம் ஒருத்தரும் படியேற மாட்டாங்க."

நான் திறப்பதாக இல்லை.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அப்பா காதில் விழாத கேள்விகளுக்கும் பொருத்தமாகத் தலையாட்டினார். பேச்சு ஓய்ந்த ஒரு நொடியில், மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"ஏனுங்க, பக்கத்துல எங்கீங்க லாரி நிக்குது? ஆஃப் பண்ணாமயே வெச்சிருக்காங்களே."

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "உடுங்க. இவளுக்கு எங்கூட்லயும் இதே லாரிதானுங்க. ஏழெட்டு வருசமா நிக்குது. மாத்தரையும் சாப்புட்டுப் பாத்தாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அது காலி.

விளக்குப் பெட்டி முன்னால் நின்று பழகிய வாய்தான் பேசிவிட்டது என்று பிற்பாடு அம்மாவிடம் வாதாடினேன்.

"இருக்குதுங்க" என்றேன். "தெக்குப் பக்கம். நடுவுல கொஞ்சம் கம்மியாகி மறுக்கா ஏறும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா கண்ணு. ஏறும்."

மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கேலியும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தரகர் சேதி கொண்டுவந்தார். பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லையாம். மாப்பிள்ளையின் அப்பா சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "ஒரு ஊட்டுக்கு ஒரு லாரி போதுமுங்க."

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்ததில் லாரி இன்னும் தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளையிடமிருந்து போன் வரவில்லை. அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. நலம் விசாரிக்காமல், இப்போது கேட்கிறதா என்றார். கம்பெனியில் இருக்கிறேன், இங்கே மெஷின் இரைச்சலில் எதுவுமே கேட்காது என்றேன். அப்படியானால் சத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஆளுக்கொரு பக்கம் ஒரு வாரம் எழுதி வைப்போம், பிறகு ஒத்துப் பார்ப்போம் என்றார். எங்கள் கம்பெனி முறையை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

எழுதினோம். ஒரு நேரம்கூடப் பொருந்தவில்லை.

"அதனாலென்ன கண்ணு" என்றார். "ரெண்டு லாரி நிக்குதாட்ட இருக்குது."

முறைப்படி பார்த்தால் துணி பாஸ். ஆனாலும் அன்று நோட்டின் கடைசி வரியை அடித்துவிட்டேன்.