சனிக்கிழமைப் பந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தும்

கனடாவில், ஸ்கார்பரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் ‘இலவச சாக்கர் கிளினிக்’ என்று ஒட்டியிருந்தார்கள். கிளினிக் என்றதும் மகள் யாழினியின் மருத்துவ அட்டையையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். பயிற்சி தரும் டயான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கே அடிபட்டது?” என்று கேட்டாள். “அடியெல்லாம் இல்லை, விளையாட வந்திருக்கிறோம்” என்றேன். “அப்படியென்றால் ஷூ போதும்” என்றாள். இந்த நாட்டில் பந்து உதைக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் கிளினிக் என்றுதான் பெயராம்.

அதைவிட எரிச்சல், சுவரொட்டியின் கடைசி வரி. வசதிகள் எட்டாத சமூகத்துப் பிள்ளைகளுக்காகவாம். தென்காசிப் பக்கம் மேலகரத்தில் வயலும் வீடுமாக இருந்தவர்கள் நாங்கள். சித்தப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். “நம்மளையா அப்படிச் சொல்லுதாவ?” என்று கணவரிடம் பாய்ந்தேன். “பிள்ள சந்தோஷமா ஓடுதால்லா, விடு” என்றார். சோமாலியப் பிள்ளைகளும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் யாழினியும் ஒரே பந்துக்கு முட்டிமோதுவதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் போய், ஊரிலும் இப்படி ஒன்று நடத்த ஆசை வந்துவிட்டது. பெண்பிள்ளை ஓடினாலே அதட்டும் தெருவில் வளர்ந்தவள் நான்.

போன சாரல் காலத்தில் ஊருக்குப் போனபோது தென்காசியில் பந்துகள் வாங்கி, தெருமுனைப் பொட்டலில் சனிக்கிழமை காலை இலவசப் பயிற்சி என்று வீடுவீடாகச் சொன்னேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருவிலும் சொன்னேன். முதல் வாரம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பக்கத்து முத்துமாரி வெறுங்காலோடு எல்லோரையும் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனாள். யாழினி அவள் பின்னாலேயே சுற்றினாள்.

அன்று மதியமே சித்தப்பா வந்துவிட்டார்.

“ஏட்டி, நல்ல காரியந்தான். ஆனா அவங்களுக்குச் சனிக்கிழம வச்சுக்கோ. நம்ம பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழம. பந்தும் தனியா இருக்கட்டும்.”

“பந்துக்கு என்ன சித்தப்பா தெரியும்?”

“ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியல. நீ லீவு முடிஞ்சா பிளேன் ஏறிருவ. நாங்க இங்கன இருக்கணும்.”

நான் மாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. சன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் மட்டும் தெரிந்தன. முத்துமாரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, நாங்க வந்ததுனாலயா அவங்க வரல?” “நீ பந்த அடி” என்றேன்.

அதற்கடுத்த வாரம் பொட்டல் நிறைய வேன்கள். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களை அங்கே நிறுத்தச் சொல்லியிருந்தார் சித்தப்பா. “சீசன்லா! வந்தவுகள எங்கன போகச் சொல்லுத?” என்றார். இத்தனை வருஷமாக அந்தப் பொட்டலில் ஒரு வேனும் நின்று நான் பார்த்ததில்லை. தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன். அவர் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. யாழினியைக் கூட்டிக்கொண்டு, பந்துகளையும் எடுத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டினேன். அங்கே சுடலைமாடன் கோயில் முன்னால் இருந்த இடத்தில் விடுமுறை முடியும்வரை ஆடினோம். நான் கிளம்பிய அன்று சித்தப்பா வழியனுப்ப வரவில்லை. பந்துகள் முத்துமாரியிடம் இருக்கின்றன.

நேற்று அவள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கோயில் முன்னால் ஆட்டம் இன்னும் நடக்கிறது. எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. இன்று பூங்காவில் அதைப் பார்த்த யாழினி கேட்டாள்: “அம்மா, நாம அங்கேயே இருந்திருந்தா எனக்குச் சனியா, ஞாயிறா?”

“ஞாயிறு” என்றேன்.

“அப்போ முத்துமாரி அக்காவ எனக்குத் தெரிஞ்சே இருக்காதா?”

டயான் விசில் ஊதினாள். யாழினி பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள். கையிலிருக்கும் போனில் முத்துமாரி ஓடிக்கொண்டிருக்கிறாள், கண்ணெதிரே என் மகள். யார் பெயரைச் சொல்லிக் கத்துவதென்று தெரியாமல் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன்.