எந்தக் கம்பம்?

மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் டீ குடிக்கப் போனால்கூட எனக்கு விளக்கவுரை தேவைப்படுகிறது. "எந்த ஊரு மிஸ்?" என்பார் கடைக்கார அக்கா. "கம்பம்" என்பேன். "அதான், எந்தக் கம்பம்?" இங்கே கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் கிராமம். தேனி மாவட்டத்தில் அப்படி ஓர் ஊரே இருக்கிறது என்றால், ரொம்பப் படித்ததால் வந்த கோளாறு என்பதுபோல் பார்ப்பார்.

படிப்பு என்னவோ உண்மைதான். எலி பிடிக்க ஆந்தை வளர்க்கும், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்களில் எலிகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. பரிணாம உயிரியலும் சமூகவியலும் சேர்ந்த பல்துறை ஆய்வு. பல்துறை என்றால், என் தவறை இரண்டு பேராசிரியர்கள் கவனிக்காமல் விடுவார்கள் என்று பொருள். எலி விஷயம் என்று என் கேள்வித்தாளைச் சமூகவியல்காரர் தள்ளிவிட்டார். மனுஷ விஷயம் என்று உயிரியல்காரர் தள்ளிவிட்டார். இருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன்.

தோட்டங்களில் ஆந்தை தங்குவதற்கான பெட்டியை உயரமான கம்பத்தில் பொருத்தியிருப்பார்கள். ஆகவே, "உங்கள் கம்பத்தில் ஆந்தை இருக்கிறதா?" என்று அச்சடித்து, தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்கள் நாற்பது பேருக்கு அனுப்பினேன். நாற்பது பேரும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆந்தைகள் பெட்டிகளைக் கைவிட்டது ஏன் என்று ஓர் அத்தியாயமே எழுதினேன். பேராசிரியர்கள் முதன்முறையாக ஒத்துப்போய்ப் பாராட்டினார்கள். அடுத்த மாதத் தகுதித் தேர்வில் அத்தியாயம் நின்றால் ஆய்வு தொடரும். விழுந்தால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

காலிப் பெட்டிகளைப் படமெடுக்கச் சபாக் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். முதல் பெட்டியிலேயே ஆந்தை இருந்தது. இரண்டாவதில் குஞ்சுகளும் இருந்தன. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அந்தோணி அண்ணனிடம் கேள்வித்தாளை நீட்டினேன்.

"கம்பத்துல ஏது மிஸ் ஆந்தை? தோட்டத்துலதான் இருக்கு. இது தியாங் லா" என்று பெட்டியைத் தாங்கிய தூணைத் தட்டினார்.

என் தமிழ் அங்கேயே பல்லிளித்தது. அழுகையை அடக்க முடியவில்லை. "மொதல்ல பசியாறுங்க மிஸ்" என்று தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டேன். கணினியில் "கம்பத்தில்" என்பதையெல்லாம் ஒரே தட்டில் "தியாங்கில்" என்று மாற்றி, புதிய தாள்களோடு மறுவாரம் ஓடினேன். அண்ணன் முதல் பக்கத்தில் இருந்த என் அறிமுகத்தைச் சத்தமாகப் படித்தார்: "நான் தேனி மாவட்டம் தியாங்கில் பிறந்தவள்."

பெட்டியை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்தத் தியாங் மிஸ்?"

திருத்தப் பேனாவை எடுத்தேன். திருத்தினால் இவர்கள் கணக்கில் மலாய்க் கிராமத்தில் பிறந்தவள். விட்டால் தூணில் பிறந்தவள். சிரிப்பு வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

புதிய பதில்களை வைத்து எழுதிய அத்தியாயத்தோடு தேர்வில் தேறிவிட்டேன். பேராசிரியர்கள் இருவருக்கும் இன்னும் தமிழ் தெரியாது. அதனால் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்த அந்தத் தாளில் நான் இன்றும் தூணில்தான் பிறந்திருக்கிறேன்.